மைதானம் கட்டித் தருகிறேன் என்பவருக்குக் காணியை எழுதிக் கொடுக்கலாமா?

மல்லாவிப் பக்கத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர்களுடைய ஊர் விளையாட்டுக் கழகத்துக்கு லண்டனில் இருக்கும் ஒருவர் மைதானம் அமைத்துத் தர முன்வந்திருக்கிறாராம். சுற்றுமதில், பார்வையாளர் அரங்கு, இரவுப் போட்டிக்கு மின்விளக்கு எல்லாம் அவருடைய செலவு. பதிலுக்கு இரண்டு நிபந்தனைகள். விளையாடும் காணி அவருடைய கம்பனியின் பெயருக்கு மாற வேண்டும். கழகமும் அந்தக் கம்பனியின் கீழ் வர வேண்டும். "மான்செஸ்ரர் யுனைற்றட், செல்சி எல்லாம் முதலாளிமாருடைய கழகங்கள்தானே அண்ணை, நாங்களும் அப்படிப் போனால் என்ன பிழை?" என்பது அவருடைய கேள்வி.

பிழை இருக்கிறது, தம்பி. காசை வாங்குங்கள், நன்றியோடு வாங்குங்கள். காணியையும் கழகத்தையும் எழுதிக் கொடுக்காதீர்கள். நீங்கள் உதாரணம் காட்டிய கழகங்களின் கதையைக் கிட்டப் போய்ப் பார்த்தாலே ஏன் என்று விளங்கும்.

நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன். ஊர்க் கழகத்துக்குப் பல வருடம் பொருளாளராக இருந்தேன். எங்கள் கழகம் தன் மைதானத்தை இழந்த பிறகுதான் பெரிய கழகங்களின் வரவு செலவையும் மைதான ஒப்பந்தங்களையும் தேடித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். எங்கள் கதையைப் பிறகு சொல்கிறேன்.

செல்சியில் இருந்தே தொடங்குவோம். 2022இல் அமெரிக்க முதலீட்டாளர்கள் தலைமையிலான ஒரு குழு அந்தக் கழகத்தை 2.5 பில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. அவ்வளவு காசு கொடுத்தவர்களுக்கும் ஸ்ராம்போர்ட் பிரிட்ஜ் மைதானத்தின் நிலம் சொந்தமில்லை. 'செல்சி ஃபுட்போல் கிளப்' என்ற பெயரும் அவர்கள் நினைத்தபடி கொண்டுபோகக்கூடிய பொருள் இல்லை. இரண்டும் 'செல்சி பிட்ச் ஓனர்ஸ்' என்ற கம்பனியின் பிடியில் இருக்கின்றன. ரசிகர்கள் ஆளுக்கொரு பங்கு, இரண்டு பங்கு என்று வாங்கிச் சேர்ந்த கம்பனி அது.

அப்படி ஒரு கம்பனி ஏன் தேவைப்பட்டது என்பதுதான் உங்களுக்கு முக்கியமான பகுதி. 1970களின் தொடக்கத்தில் செல்சி தன் கைக்கு மீறி ஒரு பெரிய கிழக்கு அரங்கைக் கட்டியது. கட்டி முடிக்கும்போது கழகம் கடனில் தாழ்ந்துவிட்டது. 1982இல் கென் பேற்ஸ் என்பவர் கழகத்தை ஒரேயொரு பவுண்டுக்கு வாங்கினார். ஆனால் மைதானக் காணி அந்த விற்பனையில் சேரவில்லை. அது வேறொரு கம்பனியின் பெயரில் இருந்தது, பிறகு கட்டட வியாபாரிகளின் கைக்குப் போனது. லண்டனின் நடுவில் அப்படி ஒரு காணி கிடைத்தால் அவர்கள் பந்து விளையாடவா விடுவார்கள்? வீடு கட்டி விற்கப் பார்த்தார்கள். கழகம் பத்து வருடம் நீதிமன்றத்திலும் வெளியிலும் இழுபட்டது. 90களின் தொடக்கத்தில் காணி விலை விழுந்து அந்த வியாபாரிகள் முறிந்ததால்தான் செல்சி தப்பியது. சொந்தத் திறமையால் தப்பவில்லை, அடுத்தவரின் நட்டத்தால் தப்பியது.

பேற்ஸ் அதற்குப் பிறகு செய்த காரியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். இனி எந்த முதலாளி வந்தாலும், அது தானாகவே இருந்தாலும், நிலத்தில் கைவைக்க முடியாதபடி 1993இல் அந்தக் கம்பனியை உருவாக்கினார்கள். 1997இல் நிலம் அதன் பெயருக்கு மாறியது. கழகத்துக்கு 199 வருடக் குத்தகை, வாடகை பெயருக்கு மட்டும். ஒருவர் எத்தனை பங்கு வாங்கினாலும் 100 வாக்குக்கு மேல் போட முடியாது. அனுமதியில்லாமல் அணியை வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் செல்சி என்ற பெயரைப் பாவிக்கவும் முடியாது. 2011இல், ரஷ்யப் பணக்காரர் அப்ரமோவிச் முதலாளியாக இருந்த காலத்தில், கழகம் அந்த நிலத்தைத் திருப்பி வாங்கக் கேட்டது. 75 வீத ஆதரவு தேவைப்பட்டது. 62 வீதம்கூடக் கிடைக்கவில்லை. உலகின் பெரிய பணக்காரர் ஒருவரின் கழகத்துக்கு 100 பவுண்ட் பங்கு வைத்திருந்த சாதாரண ஆட்கள் 'இல்லை' என்றார்கள், அத்தோடு கதை முடிந்தது. இப்போதைய முதலாளிகள் மைதானத்தோடு ஒட்டிய இரண்டு ஹோட்டல்களைத் தங்களுடைய இன்னொரு கம்பனிக்கே 76.5 மில்லியன் பவுண்டுக்கு விற்றுக் கணக்கில் வரவு காட்டினார்கள். மைதானத்தை அப்படி விற்க முடியாததற்குக் காரணம் அந்தப் பழைய ஏற்பாடுதான்.

ஆகவே 'செல்சியும் முதலாளியுடைய கழகம்தானே' என்பது பாதி சரி. அணி முதலாளியுடையது. நிலமும் பெயரும் ஊருடையவை.

மற்றப் பக்கத்தைப் பார்க்கக் கொவென்றிக்குப் போக வேண்டும். 34 வருடம் தொடர்ந்து இங்கிலாந்தின் முதல் பிரிவில் விளையாடிய கழகம் கொவென்றி சிற்றி. 1899 முதல் ஹைஃபீல்ட் றோட் என்ற மைதானத்தில் இருந்தது. புதிய பெரிய அரங்கு வரப்போகிறது என்ற நம்பிக்கையில் பழைய மைதானத்தை விற்றது. இடையில் 2001இல் முதல் பிரிவில் இருந்து இறங்கியது, காசு வற்றியது. புதிய அரங்கில் தனக்கிருந்த பங்கையும் விற்க வேண்டி வந்தது. 2005இல் 32,000க்கு மேற்பட்ட இருக்கைகளோடு அரங்கு திறந்தபோது அது நகரசபைக்கும் ஒரு அறக்கட்டளைக்கும் சொந்தம். கழகம் அங்கே ஒரு வாடகைக் குடி.

வாடகை வருடத்துக்கு 1.2 மில்லியன் பவுண்ட் அளவில். அதைவிடப் பெரிய அடி வேறு. போட்டி நாளில் வாகனத் தரிப்பிடம், சாப்பாடு, குடிபானம், மண்டப வாடகை என்று வருகிற காசுதான் ஒரு மைதானத்தின் உயிர். அந்த வருமானம் கழகத்துக்கு வரவில்லை. கூட்டத்தைக் கூட்டுவது கழகம், கூட்டத்தால் வரும் காசு மற்றவருக்கு. எங்கள் ஊர்ச் சுற்றுப்போட்டியில் நாங்கள் வெயிலில் நின்று 32 அணிகளைக் கூப்பிட்டு நடத்த, தேநீர்க் கடையும் ஐஸ்கிறீம் வானும் கட்டுகிற காசு வேறொருவரின் பைக்குள் போனால் எப்படி இருக்கும்? அதேதான்.

2007இல் ஒரு முதலீட்டு நிதியம் கழகத்தை வாங்கியது. 2012இல் வாடகை கட்டுவதை நிறுத்தியது. சண்டை முற்றி 2013-14 பருவத்தில் கொவென்றி தன் 'உள்ளூர்'ப் போட்டிகளை 56 கிலோமீற்றர் தள்ளி நோர்தம்ப்டனில் விளையாடியது. கிளிநொச்சிக் கழகமொன்று தன் ஊர்ப் போட்டிக்கு ஏறக்குறைய யாழ்ப்பாணம் வரை போகிற தூரம். தங்கள் நகரத்தில் பூட்டிக் கிடந்த அரங்கு வெறுமையாக இருக்க, ரசிகர்கள் பஸ் பிடித்துப் போனார்கள், அல்லது போகவே மாட்டோம் என்று வீட்டில் இருந்தார்கள். 2014இல் அந்த அரங்கை ஒரு ரக்பி கழகம் வாங்கியது. 2019இல் கொவென்றி மறுபடியும் வெளியேறி இரண்டு பருவம் பேர்மிங்ஹாமில் விளையாடியது. 2022இல் ரக்பி கழகம் முறிந்து, அரங்கு ஒரு வியாபார நிறுவனத்திடம் போனது. 2025 ஓகஸ்டில்தான் கழகத்தின் உரிமையாளர் அரங்கை வாங்கினார். இருபது வருடம். 2005இல் தகப்பனின் தோளில் இருந்து முதல் போட்டி பார்த்த பிள்ளை அதற்குள் பெரிய ஆளாகிவிட்டான்.

கொவென்றியை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், அங்கே கெட்ட எண்ணத்தோடு யாரும் தொடங்கவில்லை. நகரசபை நல்ல அரங்கு தர நினைத்தது. அறக்கட்டளை கழகத்தைக் காப்பாற்றத்தான் பங்கை வாங்கியது. உங்கள் லண்டன் அண்ணையும் நல்ல மனதோடு வந்தவராக இருக்கலாம், அப்படித்தான் நானும் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அவருக்கு வியாபாரம் நொடிக்கலாம், குடும்பத்தில் பிரிவினை வரலாம், அவருக்குப் பிறகு கம்பனி பிள்ளைகளின் கைக்குப் போகலாம். அந்தப் பிள்ளைகள் மல்லாவியைப் பார்த்தே இருக்கமாட்டார்கள்.

சரி, மான்செஸ்ரர் யுனைற்றட். இதை உழவு இயந்திரத்தை வைத்துச் சொன்னால் வன்னியில் எல்லாருக்கும் விளங்கும். கடனில்லாத, நல்ல நிலையில் உள்ள ஒரு உழவு இயந்திரம் உங்கள் ஊருக்கு இருக்கிறது. ஒருவர் வந்து அதை வாங்குகிறார். பெரும்பகுதிக் காசைக் கடனாக எடுக்கிறார், அந்தக் கடனில் பெரிய பங்கை உங்கள் உழவு இயந்திரத்தின் மீதே சுமத்துகிறார். பிறகு அது உழுது உழைக்கிற காசில் லீசிங்காரனுக்கு வட்டி கட்டுகிறார். 2005இல் கிளேசர் குடும்பம் யுனைற்றட்டை ஏறக்குறைய 790 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது இப்படித்தான். அதற்கு முதல் நாள்வரை கடனில்லாமல் இருந்த கழகம், அன்றிலிருந்து தன்னை வாங்கிய செலவுக்குத் தானே வட்டி கட்டியது. வட்டி, கடன் செலவு, பங்கு இலாபம் என்று வெளியே போன தொகை ஒரு பில்லியன் பவுண்டைத் தாண்டிவிட்டது. 2024 மே மாதம் ஆர்சனலோடு நடந்த போட்டிக்குப் பிறகு பெய்த மழையில் யுனைற்றட்டின் மைதானமான ஓல்ட் ட்ரஃபோர்ட்டின் கூரையால் தண்ணீர் அருவியாகக் கொட்டியதைப் பலர் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். உழைத்த காசு வட்டிக்குப் போனால் கூரைக்கு எங்கே மிஞ்சும்?

கிளேசர் குடும்பம் வாங்கிய 2005ஆம் வருடமே மனம் வெறுத்த ரசிகர்கள் கொஞ்சப் பேர் பிரிந்துபோய் எஃப்சி யுனைற்றட் ஒஃப் மான்செஸ்ரர் என்று சொந்தமாக ஒரு கழகம் தொடங்கினார்கள். ஆளுக்கு ஒரு வாக்கு. சிறுகச் சிறுகச் சேர்த்து 2015இல் தங்களுக்கென்று ஒரு மைதானமும் திறந்துவிட்டார்கள்.

அங்கத்தவர்களுடைய கழகம் என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவரவில்லை. பார்சலோனா முழுக்க முழுக்க அங்கத்தவர்களுடையது, ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பேர். ஆனாலும் 2021இல் கடன் 1.35 பில்லியன் யூரோ என்று அவர்களுடைய தலைவரே அறிவித்தார். அடுத்த வருடம், ஸ்பானிய லீக் தொலைக்காட்சி வருமானத்தில் தங்கள் பங்கின் கால்வாசியை 25 வருடத்துக்கு விற்றார்கள். காலபோக நெல் கதிரில் நிற்கும்போதே வியாபாரியிடம் முற்பணம் வாங்குவது எங்களுக்குப் புதிதில்லை. அந்தக் காசு கைக்கு வரும்போது இனிக்கும், சூடடிக்கும்போது களத்தில் எங்களுக்கு மிஞ்சுவது வைக்கோல்தான். 25 போகத்தை ஒரேயடியாக அப்படிக் கொடுப்பதை நினைத்துப் பாருங்கள். இன்றைக்குப் பிறந்த பிள்ளை அணியில் விளையாட வரும்போதும் அந்தக் கடன் கழிந்துகொண்டிருக்கும்.

ஜேர்மனியில் போருசியா டோர்ட்முண்ட் 2002இல் தன் மைதானத்தையே ஒரு நிதியத்துக்கு விற்று, வாடகைக்கு இருந்தது. விற்ற காசு வீரர்களின் சம்பளத்தில் கரைந்தது. 2005 மார்ச்சில் அந்த நிதியத்தின் முதலீட்டாளர்கள் கூடி, மீட்புத் திட்டத்துக்குச் சம்மதம் என்று வாக்களித்ததால்தான் கழகம் பிழைத்தது. எண்பதாயிரம் பேர் நிறைகிற அரங்கம், 1997இல் ஐரோப்பாவின் கிண்ணத்தை வென்ற கழகம், கடைசியில் யாரோ சில முதலீட்டாளர்கள் கை உயர்த்துவார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு மைதானத்தைத் திருப்பி வாங்கினார்கள். இன்றைக்கு அவர்கள் கணக்கில் கவனமாக இருப்பதற்கு அந்த நாள் கற்றுக்கொடுத்த பயம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது எங்கள் கதை. எங்கள் கழகம் விளையாடியது, அரசு ஒரு பெரியவருக்கு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியில். அவர் நல்ல மனிதர். "பிள்ளைகள் விளையாடட்டும்" என்று 80களில் வாயால் சொன்னார், அதுவே எங்களுக்கு உறுதி. 2008இல் இடம்பெயர்ந்தபோது கூட்டக் குறிப்பேடு, பற்றுச்சீட்டுப் புத்தகம், கிண்ணங்கள் எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். மூன்றாவது இடம்பெயர்வில் பெட்டியை விட்டுவிட்டோம். 2010இல் திரும்பி வந்தபோது கோல் கம்பம் நின்ற இடத்தில் நெஞ்சளவு புதர். கண்ணிவெடி அகற்றியவர்கள் போகலாம் என்று சொன்ன பிறகு, நாங்களே கத்தி மண்வெட்டியோடு இறங்கி மூன்று வாரத்தில் துப்பரவாக்கினோம். அன்றைக்கு உதைத்த முதல் பந்தை நான் மறக்கமாட்டேன். சில வருடத்தில் பெரியவர் காலமானார். அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளராக, அதாவது அவருக்குப் பிறகு காணிக்கு உரியவராக, இருந்த மகன் வந்து வேலி அடைத்துத் தென்னை வைத்தார். சட்டப்படி அவரில் பிழை இல்லை. எங்கள் கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. இன்றைக்கும் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூட மைதானத்தில், அதிபரிடம் அனுமதி கேட்டுத்தான் பின்னேரம் விளையாடுகிறார்கள்.

அதனால் உங்களிடம் முதலில் கேட்பது: நீங்கள் விளையாடும் காணி யாருடையது? பிரதேச சபையின் பொறுப்பில் உள்ள பொது மைதானமா, அரச காணியா, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் யாருக்காவது கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியா, தனியார் உறுதிக் காணியா? முதல் மூன்றில் எதுவாக இருந்தாலும் கழகம் அதை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கவே முடியாது, எழுதினாலும் செல்லாது. தனியார் உறுதிக் காணியாக இருந்து அதைக் கழகத்துக்காக வாங்குவதாக இருந்தால் இன்னொன்று இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், வெளிநாட்டவருக்கும் வெளிநாட்டவர் பாதியோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் கம்பனிக்கும் இலங்கையில் காணி கைமாற்றுவதைத் தடுக்கிறது. அந்த அண்ணை பிரித்தானியக் குடியுரிமை எடுத்து இரட்டைக் குடியுரிமை எடுக்காமல் இருந்தால் அவருடைய கம்பனியும் இதில் அகப்படலாம். அப்போது வழக்கமாக நடப்பது, ஊரில் உள்ள உறவினர் ஒருவரின் பெயரில் எழுதி வைப்பது. அதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. நாளைக்கு அந்த உறவினருக்கும் அவருக்கும் மனஸ்தாபம் வந்தால், இரண்டு பேருக்கும் நடுவில் உங்கள் மைதானம் வழக்குக் காணியாகக் கிடக்கும்.

அப்படியானால் அவருக்கு என்ன கொடுக்கலாம்? கொடுக்க நிறைய இருக்கிறது, எங்கள் கோயில்களைப் பாருங்கள். ஒருவர் கோபுரம் கட்டிக் கொடுக்கிறார், இன்னொருவர் மணி வாங்கிக் கொடுக்கிறார், எட்டாம் திருவிழா ஒரு குடும்பத்தின் உபயம். கல்லில் பெயர் பொறிக்கிறோம், முதல் மாலை போடுகிறோம், தலைமுறைக்கும் நினைவில் வைத்திருக்கிறோம். கோயில் அவருடையதாவதில்லை. அவரும் அதைக் கேட்பதில்லை. பெரிய கழகங்கள் இதையே வியாபாரமாகச் செய்கின்றன. ஆர்சனல் 2006இல் 390 மில்லியன் பவுண்ட் செலவில் புதிய அரங்கு திறந்தது. எமிரேற்ஸ் விமான நிறுவனம் 100 மில்லியன் பவுண்ட் அளவில் தந்தது. அதற்குக் கிடைத்தது 15 வருடம் அரங்கின் பெயரும் 8 வருடம் சட்டையின் முன்பக்கமும். அரங்கு ஆர்சனலுடையது. தங்கள் பழைய மைதானமான ஹைபரியையும் அவர்கள் சும்மா விற்றுவிட்டுப் போகவில்லை, தாங்களே அதை 600க்கு மேற்பட்ட குடியிருப்புகளாக மாற்றி விற்றுக் கடனைக் குறைத்தார்கள். பல வருடம் நல்ல வீரர்களை இழந்து கையைச் சுருக்கித்தான் அந்தக் கட்டடக் காசைக் கட்டினார்கள் என்பதும் உண்மை.

ஆகவே அவருடைய தகப்பனாரின் பெயரை மைதானத்துக்கு வையுங்கள். அவருடைய கம்பனியின் பெயர் சட்டையில் இருக்கட்டும். வருடாவருடம் அவர்கள் குடும்பத்தின் நினைவுக் கிண்ணம் நடக்கட்டும், வரும்போதெல்லாம் கௌரவமாக மேடையில் இருத்துங்கள். எத்தனை வருடம் என்று எழுதிக்கொள்ளுங்கள். நிலமும் கழகப் பதிவும் இந்தப் பேச்சுக்குள் வரக்கூடாது.

கழகத்தின் பெயரில் காணி வாங்குவதாக இருந்தால் தலைவர், செயலாளர் என்று தனி ஆட்களின் பெயரில் உறுதி முடிக்காதீர்கள். 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசு முன்னிலையில் ஒரு நம்பிக்கைப் பொறுப்பு உறுதி எழுதலாம். எங்கள் ஊர்க் கோயில்கள் பல அப்படித்தான் இருக்கின்றன. காணி இந்த ஊர்ப் பிள்ளைகளின் விளையாட்டுக்கு மட்டும், விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது என்று அதில் வெளிப்படையாக வர வேண்டும். பொறுப்பாளர்களில் ஒருவராக அந்த அண்ணையையும் சேர்க்கலாம், ஐந்து பேரில் ஒருவராக. அவருக்கும் அது பாதுகாப்பு. கொடுத்த காசுக்கு என்ன நடந்தது என்று கேட்கிற உரிமை அவருக்கு இருக்கத்தான் வேண்டும்.

யாப்பில் அங்கத்தவர் யார் என்பதைத் திறந்து எழுதுங்கள். ஜேர்மனியில் 1998 முதல் ஒரு விதி உண்டு, கழகத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் ஒரு வாக்காவது அங்கத்தவர் சங்கத்திடம் இருக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் 2009இல் தொடங்கிய லைப்சிக் கழகத்தில் வாக்குரிமையுள்ள அங்கத்தவர்களை விரல்விட்டு எண்ணக்கூடியபடி வைத்துக்கொண்டார்கள், அவர்களும் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தோடு சம்பந்தப்பட்டவர்கள். விதியின் எழுத்து அப்படியே இருக்க, உயிர் போய்விட்டது. உங்கள் நிர்வாகத்தில் ஏழு பேரும் ஒரே குடும்பமாக வந்தாலும் இதேதான் நடக்கும், வெளிநாட்டு முதலாளி தேவையில்லை.

இனிக் கட்டடம். பார்வையாளர் அரங்கை முதலில் கட்ட விடாதீர்கள். கொடுப்பவருக்கு அது ஆசையாக இருக்கும், படத்தில் அழகாக வரும். ஆனால் கட்டுகிற செலவு ஒருமுறை, பராமரிப்பு ஒவ்வொரு மாதமும். லண்டனில் 2012 ஒலிம்பிக் அரங்கை வெஸ்ட் ஹாம் கழகத்துக்கு 99 வருடத்துக்குக் கொடுத்தார்கள், தொடக்க வாடகை வருடத்துக்கு 2.5 மில்லியன் பவுண்ட். அரங்கை மாற்றியமைக்க மட்டும் 300 மில்லியனுக்கு மேல் போனது, கழகம் போட்டது 15 மில்லியன். இன்றுவரை அந்த அரங்கு பொதுமக்களின் வரிப்பணத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. அது இங்கிலாந்து, தாங்கும். உங்கள் கழகத்தின் வருமானம் சந்தாவும் சுற்றுப்போட்டி நுழைவுக் கட்டணமும்தான். மின்விளக்குக் கட்டணத்தை யார் கட்டுவது என்று தீராமல் கம்பத்தை நட்டால், முதல் வருட மின்னொளிப் போட்டியோடு இணைப்பு வெட்டப்படும்.

வன்னியில் ஒரு மைதானத்தைக் கெடுப்பவை மூன்று. ஆவணி வெயிலில் புல் கருகும், மார்கழி மழையில் தண்ணீர் நிற்கும், வருடம் முழுக்க மாடு இறங்கும். அதனால் ஆழமான ஒரு கிணறும் மோட்டரும், சரிவு பார்த்து வெட்டிய வடிகாலும், மாடு நுழையாத வேலியும் வந்தால் பாதி மைதானம் வந்த மாதிரி. புல் வெட்டும் இயந்திரத்துக்கும் அதைப் பார்த்துக்கொள்கிற ஒருவரின் சம்பளத்துக்கும் ஒரு நிலையான வைப்புப் பணம் போடச் சொல்லுங்கள், அந்த வட்டியில் அது ஓடட்டும். அரங்குக்குப் போடுகிற காசில் பாதியை இப்படி வைப்பிலிட்டாலே அவருடைய பெயர் இருபது வருடம் பச்சையாக இருக்கும்.

காசு யாருடைய சொந்தக் கணக்குக்கும் வரக்கூடாது. பிரதேச செயலகத்தில் பதிவான கழகத்தின் வங்கிக் கணக்கு, மூன்று பேரில் இரண்டு பேரின் கையொப்பம், ஒவ்வொரு செலவுக்கும் பற்றுச்சீட்டு. வருடத்துக்கு ஒருமுறை கணக்கறிக்கையை வாசிகசாலைச் சுவரில் ஒட்டுங்கள். பெரி என்று 1885இல் தொடங்கிய ஒரு ஆங்கிலக் கழகம். 2018இல் ஒருவர் அதை ஒரு பவுண்டுக்கு வாங்கினார், அதற்கு முன்பே மைதானம் அடைமானத்தில் இருந்தது. கணக்கைச் சுத்தமாகக் காட்ட முடியாமல் அடுத்த வருட ஓகஸ்டில் லீக்கில் இருந்தே நீக்கப்பட்டது. இங்கிலாந்து இப்படிப் பட்டுப் பட்டுத்தான் 2025இல் கழகங்களின் கணக்கையும் உரிமையாளர்களையும் கண்காணிக்கவென்று தனிச் சட்டமே கொண்டுவந்தது.

இன்னொரு கழகத்தைப் பற்றி எழுதாமல் முடிக்க எனக்கு மனமில்லை. தென் லண்டனில் விம்பிள்டன் கழகம் 1991இல் தன் பிளௌ லேன் மைதானத்தை விட்டு அடுத்தவர் மைதானத்தில் ஒதுங்கியது. பழைய காணி விற்கப்பட்டது. உரிமையாளர்கள் அணியை ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் தள்ளி மில்ற்றன் கீன்ஸ் என்ற நகரத்துக்குக் கொண்டுபோக 2002இல் அனுமதி வாங்கினார்கள். ரசிகர்கள் கூடவே போகவில்லை. அந்தக் கோடையிலேயே ஒரு பொதுவெளியில் வீரர்களைத் தேர்ந்தெடுத்து, ஏஎஃப்சி விம்பிள்டன் என்று தங்கள் கழகத்தை அடியில் இருந்து மறுபடி தொடங்கினார்கள். ஒன்பது வருடத்தில் இங்கிலாந்தின் தொழில்முறை லீக்குக்குள் ஏறினார்கள். 2020 நவம்பரில், பழைய மைதானம் இருந்த அதே பிளௌ லேன் வீதியில் தங்கள் சொந்த மைதானத்தைத் திறந்தார்கள். கடைசிக் கட்டத்தில் காசு போதாமல் போனபோது ரசிகர்களே கடன் பத்திரம் வாங்கி ஐந்து மில்லியன் பவுண்டுக்கு மேல் சேர்த்தார்கள். பெரிய முதலாளி ஒருவருக்குப் பெரும்பங்கைக் கொடுத்தால் சுலபமாக முடிந்திருக்கும். அதைத் தங்கள் வாக்கால் தவிர்த்தார்கள். 29 வருடம் கழித்து ஊர் திரும்பியவர்களின் அந்தப் படங்களைப் பார்த்தபோது, 2010இல் புதர் வெட்டிய எங்கள் பெடியளின் முகங்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

நீங்கள் இப்போது செய்யக்கூடியது இது. வேலை நாளொன்றில் கிராம அலுவலரையும் பிரதேச செயலகத்துக் காணி உத்தியோகத்தரையும் பார்த்து, மைதானத் துண்டு யாருடைய பெயரில் இருக்கிறது, நில அளவை வரைபடம் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். விளையாட்டு உத்தியோகத்தரிடம் கழகப் பதிவு இந்த வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டதா என்று பாருங்கள். பிறகு பொதுக்கூட்டம் கூட்டி, வந்தவர்களின் கையொப்பத்தோடு தீர்மானம் எழுதுங்கள். பிரதி ஒன்றை ஊருக்கு வெளியே, நம்பிக்கையான ஒருவரிடம் வைத்திருங்கள். எங்கள் தகரப் பெட்டிக்கு நடந்தது உங்களுக்கு நடக்க வேண்டாம். அதற்குப் பிறகு லண்டன் அண்ணையோடு தொலைபேசியில் பேசுங்கள். வற்ஸ்அப்பில் எழுதி அனுப்பினால் மறுத்த மாதிரி இருக்கும், குரலில் சொன்னால் மரியாதை விளங்கும். மைதானத்துக்கு அவருடைய அப்பாவின் பெயர் என்பதை முதலில் சொல்லுங்கள், நம்பிக்கைப் பொறுப்பில் அவருக்கு ஒரு இடம் என்பதை அடுத்துச் சொல்லுங்கள். ஐப்பசி மழை தொடங்க முன்னம் வடிகாலை வெட்டி வேலியை அடைக்க எவ்வளவு முடியும் என்று ஊர் மேசனிடம் ஒரு மதிப்பீடு வாங்கி, கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.